ஐந்தாவதாகச் சீசாவில் இருந்தது

கல்லறைத் திருநாளன்று பிற்பகல் கடல் ஆய்வு நிலையத்தின் மாடியறையில் இருந்தவர்கள் நான்கு பேர்.

ஒருவர் பெனிட்டா மேடம். நிலையத்தின் சிற்றுயிர்ப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. இரண்டாமவர் சங்கரலிங்கம் சார். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துபவர். மேடத்தின் ஆய்வு மாணவர். மேடத்தைவிட மூன்று வயது மூத்தவர். மூன்றாமவன் படகு ஓட்டும் கஸ்பார். சற்றுப் பிந்தித்தான் வந்தான், ஆனாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நான்காவது நான். சீசாக்களில் ஸ்பிரிட் குறையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

ஐந்தாவதாகச் சீசாவில் ஒன்று இருந்தது. அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதுதான் அன்றைய கேள்வி.

அதன் நீளம் ஒரு சுண்டுவிரல். பார்த்தால் காய்ந்த செடிக்கிளை மாதிரி இருக்கும். செடி அல்ல, உயிர். ஓர் உயிரும் அல்ல, கூட்டம். ஒரே தண்டில் நூற்றுக்கணக்கான வாய்கள் சேர்ந்து வாழும். கரையில் உள்ளவர்கள் இப்படிப்பட்ட எல்லாவற்றையும் பாசி என்று சொல்லிவிடுவார்கள். நிலையத்தில் ஹைட்ராய்டு என்பார்கள்.

தண்டின் ஓரங்களில் கடுகைவிடச் சிறிய குடுவைகள் இருந்தன. குஞ்சுகள் உருவாகும் இடம் அது. தண்டும் வாயும் பல இனங்களில் ஒன்றுபோலவே இருக்கும். குடுவையைப் பார்த்துத்தான் இது இன்ன இனம் என்று உறுதியாகச் சொல்வார்கள். இதில் பதினொரு குடுவைகள்.

சங்கரலிங்கம் சார் இரண்டு தாள்களை மேசையில் வைத்தார். அருகருகே, ஓரம் சமமாக வைத்தார்.

“எதைச் சேர்க்கணும், மேடம்?”

“என்ன இது?”

“ஒண்ணுல இந்த இனம் உண்டுன்னு எழுதியிருக்கேன். இன்னொண்ணுல இல்லைன்னு எழுதியிருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆய்வேட்டைக் கொடுக்கலைன்னா என் பதிவு காலாவதி. ஏழு வருஷம் போயிடும். இந்த ஒரு பக்கம்தான் பாக்கி.”

“ரெண்டையும் எழுதினது யாரு?”

“நான்தான்.”

“எதை நம்பி எழுதினீங்க?”

“முதல் தாள் உங்களை நம்பி எழுதினது.”

“ரெண்டாவது?”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

“ரெண்டாவது என் கண்ணை நம்பி எழுதினது.”

மேடம் இரண்டாவது தாளை எடுத்துப் படிக்கத் தொடங்கினார்.

அந்த உயிருக்குப் பெயர் வைத்தவர் மேடம். இருபத்தேழு வருடங்களுக்கு முன்னால், அவர் நிலையத்துக்கு வந்த புதிதில், சவரிராயன் என்று ஒருவர் இருந்தார். சங்கு குளிக்கப் போவார். சங்கில் எது ஒட்டியிருந்தாலும் சுரண்டிப் போடாமல் ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்து மேடத்திடம் கொடுப்பார். “உங்களுக்கு ஆகுமா பாருங்க” என்பார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். இதுவும் அப்படி வந்ததுதான். அடுத்த மாதம் ஐந்து பேர் போன வள்ளத்தில் நான்கு பேர் திரும்பினார்கள். குளித்த இடத்தில் மூன்று நாள் தேடினார்கள். சவரிராயன் உடல் கிடைக்கவில்லை.

மேடம் அவர் கொடுத்துப் போன உயிருக்குச் சவரிராயன் பெயரை வைத்து எழுதினார். அதன் பிறகு அதை யாரும் எங்கும் பார்க்கவில்லை. உலகத்தில் இருப்பது சீசாவில் இருந்த அந்த ஒன்றுதான்.

மேடம் படித்து முடித்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க. ரெண்டாவது பத்தியில ஒரு அளவு தப்பா இருக்கு. திருத்திடுங்க.”

“அவ்வளவுதானா, மேடம்?”

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“துறைமுகத்துப் பழைய கயிறு ஒண்ணைச் சுரண்டினேன். அதுல ஒரு கொடி வகை. எங்கேயும் கிடைக்கிறதுதான். மத்த ஹைட்ராய்டு மேலேயே ஏறிப் படரும். அதோட குடுவையும் இதோட குடுவையும் ஒண்ணு.”

“எவ்வளவு ஒண்ணு?”

“வாய் ஓரத்துல ஒரு மடிப்பு, அடியில ஒரு திருகல். நீங்க வரைஞ்ச படத்து மேல நான் வரைஞ்ச படத்தை வச்சு வெளிச்சத்துல பிடிச்சேன். கோடு விலகலை.”

“அப்ப?”

“அப்ப… குடுவை வேற ஒண்ணோடது. தண்டு மட்டும்தான் இதோடது. தண்டை மட்டும் பார்த்தா அது சாதாரண இனம். ஆழத்துல இருந்ததால கொஞ்சம் நீண்டு வளர்ந்திருக்கு.”

“ரெண்டு உயிரைச் சேர்த்து நான் ஒரு பேர் வச்சுட்டேன்.”

“நான் அப்படிச் சொல்லலை, மேடம்.”

“தாள்ல சொல்லியிருக்கீங்களே.”

சார் தலையைக் குனிந்துகொண்டார். ஐம்பத்தாறு வயது மனிதர், தன் வகுப்பில் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவன்போல நின்றார்.

அப்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது. சார் இரண்டாவது தாளை அவசரமாக முதல் தாளுக்கு அடியில் தள்ளினார்.

கஸ்பார் சவரிராயனின் மகன். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் வருவான். ஊரில் மற்றவர்கள் அன்று தங்கள் கல்லறைகளை வெள்ளையடித்துப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். சவரிராயனுக்குக் கல்லறை இல்லை. அதனால் கஸ்பார் கோயிலில் பூசை முடிந்ததும், வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அதே வெள்ளைச் சட்டையோடு நிலையத்துக்கு வருவான். அறை வாசலில் செருப்பைக் கழற்றுவான். அலமாரி முன்னால் நின்று சீசாவைப் பார்ப்பான். போய்விடுவான். அவனுக்காக முந்தின நாளே நான் அந்தச் சீசாவைத் துடைத்து வைத்துவிடுவேன்.

“அண்ணாச்சி, அப்பாவ எங்க? அலமாரியில காணலயே.”

“மேசையில இருக்கார்,” என்றேன்.

கஸ்பார் திரும்பினான். சாரைப் பார்த்தான்.

“சார், கும்பிடுதேன். உயிரோடதான் இருக்கீயளா?”

“ஏன், கஸ்பார்?”

“மூணு வாரமா ஆளக் காணலயே. ஏழு வருஷம் என் படகுல வாந்தி எடுத்த மனுஷன், இப்ப என்னக் கண்டா மீன் ஏலக்கூடத்துல தூணுக்குப் பின்னால ஒளியுதீய. தூணு ஒல்லி, சார். நீங்க ரெண்டு பக்கமும் தெரியுதீய.”

மேடம் சிரித்தார். சார் சிரிக்கவில்லை.

“சொல்லுங்க, சார். எங்கப்பாவ எடுத்துட்டீயளா?”

“உன்கிட்ட யார் சொன்னா?”

“யாரும் சொல்லல. என்கிட்ட என்னத்தையாவது வாங்கிட்டுக் கொடுக்காதவன்தான் ஒளிவான். நீங்க எதையும் வாங்கல. அப்ப எடுத்திருக்கணும். என்கிட்ட இருந்து எடுக்கதுக்கு உங்க கையில வேற என்ன இருக்கு?”

சார் அடியில் தள்ளிய தாளை வெளியே இழுத்து அவன் முன்னால் வைத்தார்.

“இங்கிலீஷா? எனக்கு வராது. வாயால சொல்லுங்க.”

சார் சொன்னார். வகுப்பில் சொல்வதுபோலப் படிப்படியாகச் சொன்னார். தண்டு, குடுவை, மேலே படரும் கொடி, இரண்டு படங்கள், விலகாத கோடு. எல்லாம் புரியும்படி இருந்தது.

கஸ்பார் நாற்காலியில் உட்கார்ந்தான். அந்த அறையில் அவன் உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“அப்ப எங்கப்பா பேரு ஒரு தப்புக்கு வச்ச பேரா?”

சார் மேடத்தைப் பார்த்தார். மேடம் சீசாவைப் பார்த்தார்.

“தெரியலை,” என்றார் மேடம்.

“நீங்கதானே வச்சீய?”

“நான்தான் வச்சேன். உங்க அப்பா போயிட்டார். அவருக்குன்னு வேற எதுவும் செய்ய என்னால முடியலை. பேர் வைக்க முடிஞ்சது. அவசரப்பட்டுட்டேன்.”

“இத்தனை வருஷத்துல ஒரு தடவ பாத்திருக்கலாமே?”

“குடுவையைத் தண்டுல இருந்து எடுத்தாத்தான் தெரியும். எடுத்தா திரும்ப ஒட்டாது. இருக்கிறது இது ஒண்ணு. கை வைக்க மனசு வரலை.”

“இப்ப?”

மேடம் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அண்ணாச்சி, ஊசி எடுங்க.”

நான் ஊசிகளையும் கண்ணாடித் தட்டையும் கொண்டுவந்தேன். சீசாவைத் திறந்து, அதைத் தட்டில் இறக்கினேன். ஸ்பிரிட் வாசனை அறை முழுவதும் பரவியது. மழை வருவதுபோல இருட்டிக்கொண்டிருந்ததால் மேசை விளக்கைப் போட்டேன். மேடம் தட்டை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் தள்ளினார்.

“மேடம், வேண்டாம்,” என்றார் சார். “நான் முதல் தாளையே வச்சுடறேன். இதைத் தொடாதீங்க.”

“உங்க கண்ணு பார்த்ததை என்ன செய்வீங்க?”

சார் மேசையை விட்டு ஓரடி பின்னால் போனார்.

மேடம் கஸ்பாரிடம் சொன்னார்: “குடுவை இந்தத் தண்டோடதா இருந்தா ரெண்டுக்கும் நடுவுல வழி இருக்கும். எடுத்த இடத்துல ஒரு துவாரம் தெரியும். மேலே வந்து படர்ந்ததா இருந்தா, எடுக்கும்போது நூல் மாதிரி ஒரு வேர் கூட வரும். தண்டுல துவாரம் இருக்காது.”

“வாடகைக்கு இருக்கவனா, வீட்டுக்காரனான்னு பாக்கப் போறீய.”

“அதேதான்.”

“பாருங்க.”

மேடம் குனிந்தார். வெகு நேரம் அசையவில்லை. ஊசி நுனி மட்டும் அசைந்தது. நாங்கள் மூன்று பேரும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

“நூல்,” என்றார்.

எழுந்து சாருக்கு இடம் கொடுத்தார். சார் கண்ணை வைத்தார்.

“நூல்தான்,” என்றார். “தண்டுல துவாரம் இல்லை.”

“வாடகைக்காரன்,” என்றான் கஸ்பார். சத்தமே இல்லாமல் சொன்னான்.

“நீங்க சொன்னது சரி, சார்,” என்றார் மேடம்.

தன் பேச்சு சரியாகிப்போனதற்காக ஒரு மனிதர் அப்படி முகம் வாடி நின்றதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

“அடுத்ததை நீங்க எடுங்க,” என்றார் மேடம்.

“நானா, மேடம்?”

“நீங்கதான். எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு.”

சார் உட்கார்ந்தார். சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தண்டின் அடிப்பக்கம் இருந்த ஒரு குடுவையைத் தேர்ந்தெடுத்தார். மூச்சை அடக்கிக்கொண்டு ஊசியை இறக்கினார். வெளியே ஒரு லாரி போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தார். பிறகு எடுத்தார்.

தட்டைத் திருப்பினார். விளக்கை இன்னும் நெருக்கினார்.

“மேடம், துவாரம் இருக்கு.”

“நல்லாப் பாருங்க.”

“இருக்கு. வட்டமா இருக்கு. ஓரம் வழவழன்னு இருக்கு. நூல் இல்லை.”

“வீட்டுக்காரன்!” என்று கஸ்பார் மேசையைத் தட்டினான். தட்டில் இருந்த ஸ்பிரிட் அலைந்தது.

“மேசையைத் தட்டாதே,” என்றார் மேடம். அவரும் குனிந்து பார்த்தார். “துவாரம்தான். இல்லைன்னா இத்தனை வருஷத்துல அரிச்சுப்போன இடம். ரெண்டும் இப்படித் தெரியலாம்.”

“ஆனா நூல் இல்லையே, மேடம்.”

“ஆமா. நூல் இல்லை. நீங்க சொன்னது தப்பா இருக்கலாம்.”

சார் சிரித்தார். மூன்று வாரத்தில் முதல் தடவையாக இருக்கும். அதே வேகத்தில் மூன்றாவது குடுவைக்கு ஊசியைக் கொண்டுபோனார். அது உடைந்தது. தண்டின் ஒரு சில்லும் சேர்ந்து பெயர்ந்து வந்துவிட்டது. நூலா, துவாரமா, ஒன்றும் சொல்ல முடியவில்லை.

“போச்சு. உடைச்சிட்டேன்.”

“என் கையிலயும் உடைஞ்சிருக்கும். பழசு.”

சார் ஊசியைத் துடைத்துவிட்டு நான்காவதை நோக்கி நகர்த்தினார். மேடம் கண்ணாடி மூடியை எடுத்துத் தட்டின்மேல் வைத்துவிட்டார். ஊசி மூடியில் இடித்து ‘டிக்’ என்றது.

“போதும், சார்.”

“இன்னும் இருக்கே, மேடம்.”

“போதும்.”

சார் ஊசியை வைத்தார். எடுத்த மூன்றையும் மேடம் ஒரு சிறு குழாயில் போட்டு என்னிடம் கொடுத்தார். சார் மறுபடியும் தன் இரண்டு தாள்களுக்கு வந்தார். ஒன்றை எடுத்தார், வைத்தார். மற்றதை எடுத்தார், வைத்தார்.

“ஒண்ணு வெளியில இருந்து வந்தது. ஒண்ணு இதோடது மாதிரி இருக்கு. ஒண்ணு தெரியலை. இங்க வரும்போது என்கிட்ட ஒரு உண்மையும் ஒரு பொய்யும் இருந்தது, மேடம். எது எதுன்னு கேட்கத்தான் வந்தேன். இப்ப உண்டுன்னு வச்சாலும் பொய். இல்லைன்னு வச்சாலும் பொய். நான் எதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன்?”

மேடம் கஸ்பார் பக்கம் திரும்பினார்.

“இன்னிக்குக் கோயில்ல பேர் வாசிச்சாங்களா?”

“வாசிச்சாங்க. வருஷா வருஷம் வாசிக்கதுதானே. செத்தவங்க பேரு ஒவ்வொண்ணாச் சாமியார் சொல்லுவாரு. அந்தந்த வீட்டு ஆளு எந்திரிச்சுப்போய் ஒரு மெழுகுவத்தி ஏத்தணும்.”

“உங்க அப்பா பேரை எப்ப வாசிச்சார்?”

“அப்பா பேரு கடைசில வரும். எல்லாப் பேரும் முடிஞ்ச பிறகு சாமியார் கொஞ்சம் சும்மா நிப்பாரு. பிறகுதான் அந்தப் பேருகளச் சொல்லுவாரு. கடலுக்குப் போய் வராதவங்க. எங்க ஊர்ல ஆறு பேரு.”

“மெழுகுவர்த்தி?”

“ஏத்த மாட்டோம். கையில பிடிச்சுட்டு எந்திரிச்சு நிப்போம். அவ்வளவுதான்.”

சட்டைப் பையில் இருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக் காட்டினான். திரி வெள்ளையாக இருந்தது.

“எப்பவும் அப்படியா?” என்று சார் கேட்டார்.

“இல்ல, சார். அப்பா போன மறுவருஷம், புதுசா வந்த சாமியாரு, அவருக்கு ஒண்ணும் தெரியாது, செத்தவங்க பேரோட சேத்து வாசிச்சுட்டாரு. எங்கம்மா ரெஜினாள் இருக்காளே, பூசை நடுவுல எந்திரிச்சு, ‘நீ பாத்தியா, சாமி?’ன்னு கேட்டுட்டா. கோயிலே அடங்கிப்போச்சு. எனக்குப் பன்னண்டு வயசு. தரைக்குள்ள போயிரலாமான்னு இருந்துச்சு.”

“சாமியார் என்ன சொன்னார்?”

“அவரு நல்லவரு. ‘இல்லம்மா, நான் பாக்கல’ன்னாரு. ‘பாக்காம எப்படி வாசிச்ச?’ன்னா. ‘சரிம்மா, பேர எடுத்துடுதேன்’னாரு. விட்டாளா? ‘எடுக்கவா? அது என் வீட்டுக்காரரு பேரு. நீ யாரு எடுக்க?’ன்னுட்டா.”

“பிறகு?” சார் தாள்களை மறந்துவிட்டிருந்தார்.

“பிறகு என்ன? வைக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. சாமியாரு பாவம், முழிச்சுட்டு நின்னாரு. பிறகு மத்தப் பேரு எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டு, கொஞ்சம் இடம் விட்டு, அப்பா பேரச் சொன்னாரு. அம்மா மெழுகுவத்தியோட எந்திரிச்சா. ஏத்தல. ஆனா உக்காந்துட்டா. அன்னைலருந்து அப்படியே நடக்குது. மத்த அஞ்சு வீட்டாரும் வந்து, எங்க ஆளையும் அங்க சேத்துடுங்கன்னுட்டாங்க.”

“அந்த மெழுகுவர்த்தியை என்ன செய்வீங்க?”

“வீட்டுல ஒரு பெட்டி நெறைய இருக்கு, சார். போன புயலுக்கு நாலு நாள் கரண்டு இல்ல. பெட்டி நெறைய மெழுகுவத்திய வச்சுக்கிட்டு வீட்டோட இருட்டுல கெடந்தோம். ஒண்ணத் தொட விடணுமே அவ!”

கஸ்பார் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தோம். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சார் மட்டும் சிரிப்பு முடியும் முன்பே நிறுத்திவிட்டார். மேசையில் இருந்து ஒரு வெறுந்தாளை இழுத்தார்.

“மேடம், இனங்களை வரிசையா எழுதி முடிச்ச பிறகு கடைசியில ஒரு இடம் உண்டு.”

“உண்டு.”

“நிலை தெரியாததை எழுதற இடம்.”

“ஆமா.”

“முடிவெடுக்கப் பயப்படறவங்க ஒதுங்கற இடம்னு நினைச்சிருந்தேன். என் ஏட்டுல அப்படி ஒரு பகுதியே வேண்டாம்னு விட்டிருந்தேன்.”

“எழுதுங்க.”

சார் எழுதினார். அடித்தார், மறுபடி எழுதினார். நான் கீழே போய் டீ வாங்கி வருவதற்குள் எழுதி முடித்திருந்தார். கஸ்பாருக்காகத் தமிழில் படித்துக் காட்டினார்.

“சவரிராயன் பெயர் இடப்பட்ட இனம். ஒன்றே ஒன்று மட்டும் கிடைத்துள்ளது. அதன் பதினொரு குடுவைகளில் மூன்று எடுத்துப் பார்க்கப்பட்டன. ஒன்று மேலே படர்ந்த வேறோர் இனத்தினுடையது. ஒன்று இதற்கே உரியதுபோலத் தோன்றுகிறது. ஒன்றைப் பற்றி எதுவும் சொல்ல இயலவில்லை. உயிரோடு ஒரு கூட்டம் கிடைத்துப் பார்க்கும்வரை இதன் நிலை உறுதியில்லை.”

கஸ்பார் டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

“பேரு இருக்குல்லா?”

“முதல் வார்த்தையே அதுதான்.”

“செத்தவங்களோட சேக்கலயே?”

“இல்லை.”

“இருக்குன்னு சும்மா எழுதிடலயே? எனக்காக?”

“இல்லை, கஸ்பார்.”

கஸ்பார் தலையாட்டினான். ஒரு வாய் குடித்தான்.

“அப்ப சரி. மேல கொஞ்சம் இடம் விட்டு எழுதுங்க.”

சார் இன்னொரு தாளை எடுத்து, மேலே மூன்று வரி இடம் விட்டு, முதலில் இருந்து எழுதினார்.

எழுதி முடித்துப் பேனாவை மூடியபோது அவர் தோள்கள் இறங்கின. அதுவரை அவை உயர்ந்திருந்தன என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். “பசிக்குது,” என்றார். மேடம் இழுப்பறையைத் திறந்து பிஸ்கட் பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளினார். அதை அவர் ஒருவரே முடித்தார்.

“இந்த ரெண்டு தாளும் உங்களுக்கு வேணுமா, சார்?” என்றான் கஸ்பார்.

“வேண்டாம்.”

“கொடுங்க. எஞ்சின் துடைக்க ஆகும்.”

சார் உண்டு என்று எழுதியதையும் இல்லை என்று எழுதியதையும் சேர்த்து மடித்து அவனிடம் கொடுத்தார். கஸ்பார் அதை மெழுகுவர்த்தி இருந்த பையில் வைக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டான்.

“தை பொறந்தா கடல் தெளிஞ்சிரும். அப்பா எந்தப் பாறையில குளிச்சாருன்னு எனக்குத் தெரியும். போய்ப் பாப்போம். இருந்தா எடுத்துட்டு வருவோம். இல்லன்னா இல்ல.”

“நானும் வரேன்,” என்றார் சார்.

“நீங்க வராமயா? வாந்திக்குப் புது வாளி வாங்கி வச்சிருக்கேன். பழசு ஓட்டையாயிட்டு.”

அவன் எழுந்து தட்டின் முன்னால் நின்றான். சீசா இல்லாமல் அதை அவன் பார்த்தது அதுவே முதல் தடவை. மேடம் மைக்ராஸ்கோப்பைக் காட்டி, “இதுல பார்க்கிறியா?” என்று கேட்டார். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். வழக்கமாக நிற்கும் அளவு நின்றான். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். படியில் அவன் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது.

அறையில் மூன்று பேர் இருந்தோம்.

நான் தண்டைச் சீசாவுக்குள் இறக்கினேன். சிறு குழாயின் கழுத்தில் நூல் கட்டி, அதையும் அதே சீசாவுக்குள் விட்டேன். புது ஸ்பிரிட் ஊற்றினேன். சார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனார். போனவர் நின்றார்.

“மேடம், ஒண்ணு கேட்கலாமா?”

“கேளுங்க.”

“நாலாவதை எடுக்கவிடாம மூடிட்டீங்க. எல்லாத்தையும் எடுத்துப் பார்த்திருந்தா இன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.”

“தெரிஞ்சிருக்கலாம்.”

“உங்க பேச்சு சரின்னுகூட ஆகியிருக்கலாம்.”

“ஆகியிருக்கலாம்.”

“பிறகு ஏன், மேடம்?”

மேடம் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்துவிட்டுக் கேட்டார்.

“இன்னிக்கு நீங்க வந்து என்னைச் சரிபார்த்தீங்க. எதை வச்சுப் பார்த்தீங்க?”

“குடுவையை வச்சு.”

“நாளைக்கு உங்களைச் சரிபார்க்க ஒருத்தர் வருவார். அவர் எதை வச்சுப் பார்ப்பார்?”

சார் தோளில் இருந்த பையை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டார்.

மேடம் என் பக்கம் திரும்பினார்.

“அண்ணாச்சி, மூடறதுக்கு முன்னால எண்ணிடுங்க.”

நான் விளக்கைப் பக்கத்தில் இழுத்து எண்ணினேன். சீசாவைத் திருப்பி மறுபக்கத்தில் இருந்தும் எண்ணினேன்.

“எட்டு, மேடம்.”